விஞ்ஞானப் பாடம் ஆயத்தம் பண்ண போனை எப்பிடிப் பாவிக்கிறது: புதுசா வகுப்புக்குப் போற ஆசிரிய மாணவருக்கு

கோப்பாயில கல்வியியற் கல்லூரியிலயோ ஆசிரிய கலாசாலையிலயோ இருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வெளிக்கிடப் போற விஞ்ஞானப் பிள்ளையளை நினைச்சுத்தான் இதை எழுதுறன், கம்பஸ் முடிச்சு நேரா நியமனத்தில வந்தவைக்கும் உதவும். லெசன் பிளான் எண்டவுடன இப்ப கனபேர் செய்யிற முதல் வேலை என்னெண்டா வட்ஸ்அப் குறூப்பில "ஆரிட்டயாவது தரம் 8 ஒலி பிளான் கிடக்கா" எண்டு போடுறது, ஆரோ போன வருசம் எழுதின கொப்பியைப் படம் எடுத்து அனுப்புவினம், அதைப் பாத்து வடிவான எழுத்தில இறக்கிறது, அலுவல் முடிஞ்சுது. கொப்பி பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா வகுப்புக்குள்ள போய் கால் மணித்தியாலத்தில சாமான் காணாது, நேரம் காணாது, பிள்ளையள் கேக்கிற கேள்விக்கு மறுமொழியும் காணாது. என்னைக் கேட்டா போன் பிளான் எழுதித் தாற சாமான் இல்லை, பாடத்தை வகுப்புக்கு முதல் வீட்டிலயே ஒருக்கா நடத்திப் பாக்கிறதுக்கான சாமான். ஆப்புகள் ஆயிரம் இருக்கு, அந்த ஒரு வேலைக்கு உதவாதது எதையும் இப்போதைக்கு இறக்காதேங்கோ.

முதல்ல ஃபைல், பிறகுதான் ஆப்

பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மகரகமையில இருக்கிற தேசிய கல்வி நிறுவகத்தின்ர தளத்தில தமிழிலயே பிடிஎஃப்பா கிடக்கு, பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில. இந்த மூண்டையும் உங்களுக்குத் தந்த வகுப்புக்கு மட்டும் இறக்குங்கோ, ஆறாம் ஆண்டில இருந்து பதினொண்டு வரைக்கும் எல்லாத்தையும் இறக்கி போனை நிரப்ப வேண்டாம். இறக்கினவுடன டவுன்லோட் ஃபோல்டருக்குள்ள விட்டுட்டுப் போகாம "தரம் 8 விஞ்ஞானம்" எண்டு ஒரு ஃபோல்டர் திறந்து அதுக்குள்ள மாத்தி, ஃபைலின்ர பேரையும் மாத்தி வையுங்கோ, இல்லாட்டி ரெண்டு கிழமை கழிச்சு வெறும் இலக்கமா கிடக்கிற ஃபைலுகளுக்குள்ள தேடிக்கொண்டிருப்பியள். முன் பக்கத்தில எந்த ஆண்டுப் பதிப்பு எண்டதையும் பாருங்கோ, பழசும் புதுசும் ஒண்டா கிடக்கும், பள்ளிக்கூடத்தில பிள்ளையின்ர கையில இருக்கிற புத்தகம் எதுவோ அதுதான் கணக்கு.

இதில ஒரு சோலி வரும். பழைய தமிழ் பிடிஎஃப் கனக்க யூனிகோட் இல்லாத எழுத்துருவில செய்தது, அதில "அமிலம்" எண்டு தேடினா ஒண்டும் வராது, கொப்பி பண்ணி ஒட்டினா கிறுக்கல் மாதிரி என்னவோ விழும். போன் பழுதெண்டு நினைக்க வேண்டாம். தேவையான பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகிள் லென்ஸால திறந்து எழுத்தைத் தெரிவு செய்து எடுத்தா தமிழ் எழுத்தாவே வரும், ர ற, ன ண மாறி விழுந்திருந்தா ஒருக்கா கண்ணால பாத்துத் திருத்துங்கோ. அதைக் கூகிள் கீப்பிலயோ வேற ஏதும் நோட் ஆப்பிலயோ போடுங்கோ. போட வேண்டியது ரெண்டே ரெண்டுதான், தேர்ச்சி மட்டமும் கற்றற்பேறும் (பாடம் முடிய பிள்ளை என்ன செய்யக்கூடியதா இருக்க வேணும் எண்டது). வழிகாட்டியில ஒரு தேர்ச்சி மட்டத்துக்கு இத்தனை பாடவேளை எண்டு போட்டிருக்கும், அதையும் பக்கத்தில குறியுங்கோ. மூண்டு பாடவேளைக்குரிய சாமானை ஒரு பாடவேளைக்குள்ள அமத்தப் பாக்கிறதுதான் புதுசா வாறவையின்ர பெரிய வில்லங்கம், அது இந்த இடத்திலயே பிடிபட்டிடும்.

கற்றற்பேறை எடுத்து அதில இருக்கிற வினைச்சொல்லைப் பாருங்கோ. "இனங்காண்பார்" எண்டு இருந்தா பிள்ளை கையால ஏதோ செய்து பாத்து இனங்காண வேணும், நீங்கள் முன்னுக்கு நிண்டு சொல்லி முடிக்கிறது அதுக்குள்ள வராது. இதுக்கு ஆப் ஒண்டும் தேவையில்லை, பேனை காணும்.

வாயால சொல்லி எழுதுறது

தமிழ் ரைப்பிங் கஷ்டம் எண்டுற ஆக்கள் ஜிபோர்ட் கீபோர்ட்டில தமிழைச் சேத்து மைக்கை அமத்திக் கதையுங்கோ. கூகிளின்ர வொயிஸ் ரைப்பிங்கில மொழி தெரிவு செய்யிற இடத்தில தமிழுக்குள்ளயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எண்டு பிரிச்சுக் கிடக்கும், இலங்கையைத் தெரிவு செய்யுங்கோ. எங்கட பேச்சு வேகத்துக்கு அது கொஞ்சம் திணறும்தான், வசனம் வசனமா நிப்பாட்டிச் சொன்னா ஓரளவுக்கு எழுதும். இதில எழுதுற சுகத்தை விட வேற ஒரு லாபம் இருக்கு, நீங்கள் வகுப்பில என்ன சொல்லப் போறியளோ அதை வாய்விட்டுச் சொல்லிப் பாத்திருப்பியள். "இண்டைக்கு நாங்கள் அமிலம் பற்றிப் படிப்பம்" எண்டு தொடங்கினா எவ்வளவு சப்பெண்டு இருக்கும் எண்டது எழுதேக்க தெரியாது, சொல்லேக்க தெரியும்.

அமிலம், மூலம் பாடத்தை வைச்சு ஒருக்கா முழுசா செய்து பாப்பம்

2007 சீர்திருத்தத்தோட வந்த 5 ஈ முறையை கல்லூரியில படிச்சிருப்பியள், ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். பிளானில இந்த அஞ்சு தலைப்பையும் போட்டு நிரப்பிறது லேசு. ஆராய்தலுக்குள்ள உண்மையில என்ன நடக்கும் எண்டதை வீட்டுக் குசினியில செய்து பாத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

சாமான் எல்லாம் வளவுக்குள்ளயும் குசினிக்குள்ளயும் இருக்கு. கடுஞ்சிவப்பு செவ்வரத்தம்பூ அஞ்சாறு, தேசிக்காய், வெத்திலைச் சுண்ணாம்பு, அப்பச்சோடா, வெள்ளைச் சவர்க்காரம், கழுவின யோகட் கப். பூவிதழைச் சுடுதண்ணியில போட்டுக் கொஞ்ச நேரம் விட்டா சாயம் இறங்கும். போனை ரைப்பொட்டில, இல்லாட்டி ரெண்டு புத்தகத்துக்கு நடுவில நிறுத்தி வீடியோவை ஓட விட்டுட்டு, பூ கிள்ளுறதில இருந்து கடைசிக் கப்பில நிறம் மாறுறது வரைக்கும் முழுசா எடுங்கோ. தேசிக்காய்ப் புளி விட்ட கப் பளிச்செண்டு சிவப்பாகும், சவர்க்காரத் தண்ணி விட்டது பச்சைப் பக்கம் போகும், சுண்ணாம்புத் தெளிவு விட்டதும் பச்சைதான், கொஞ்சம் மஞ்சள் கலந்து தெரியும். சிவப்பெண்டா அமிலம், பச்சையெண்டா மூலம். நீல நிறச் சவர்க்காரத்தையும் சலவைத் தூளையும் விட்டுடுங்கோ, அதின்ர நிறமும் சேந்து பிள்ளையளைக் குழப்பும்.

இனி வீடியோவை ஓட்டிப் பாருங்கோ. பூவில இருந்து சாயம் எடுக்கிறதுக்கு மட்டும் எவ்வளவு நேரம் போச்சுது? 40 நிமிசப் பாடவேளையில அதை வகுப்புக்குள்ள செய்ய ஏலாது, ஆகவே சாயத்தைப் போத்தலில விட்டுக் கொண்டு போறது எண்டு பிளானில எழுதுங்கோ, ஒரு பூவை மட்டும் பிள்ளையளுக்கு முன்னால கசக்கிக் காட்டலாம். அடுத்தது, போனைக் கையில எடுத்துக்கொண்டு வகுப்பறையின்ர நீளத்துக்குத் தூரப் போய் நிண்டு அதே கப்பைக் கமராவால பாருங்கோ, கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும். பச்சையும் மங்கல் நீலமும் ஒண்டாத் தெரிஞ்சா கப்புக்குப் பின்னால வெள்ளைத் தாள் ஒண்டு நிறுத்துங்கோ, இல்லாட்டி முன்னுக்கு ஒண்டா செய்து காட்டுறதை விட்டுட்டு குழுவுக்குக் குழு குடுக்கிறதா மாத்துங்கோ. ஆரின்ரையோ கொப்பியைப் பாத்து எழுதின பிளானில இதுகள் ஒண்டும் இருக்காது.

ஈடுபடல் பகுதிக்கு வீட்டிலயே நல்ல சாமான் கிடக்கு. ஆலாத்தித் தட்டில மஞ்சளும் சுண்ணாம்பும் சேர ஏன் சிவக்குது எண்டு கேளுங்கோ, எல்லாப் பிள்ளையும் கண்ட விசயம், ஏன் எண்டு ஒருத்தரும் யோசிச்சிருக்காது. கருப்பநீர் இறக்கிற முட்டிக்குள்ள சுண்ணாம்பு ஏன் பூசுகினம், பூசாட்டி ஏன் புளிச்சுக் கள்ளாகுது எண்டதையும் கேக்கலாம், ஆனா அது நொதித்தல் பக்கம் இழுத்துக்கொண்டு போயிடும், நேரம் இருந்தா விரிவாக்கலுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ.

கையால செய்ய ஏலாத பகுதிக்குத்தான் ஃபெற் (PhET). அமெரிக்காவில கொலராடோ பல்கலைக்கழகத்தில, 2001 இல இயற்பியல் நோபல் எடுத்த கார்ல் வீமன் 2002 இல தொடங்கின திட்டம் அது, அதின்ர தளத்தில இருக்கிற பரிசோதனைப் போலிகள் (திரையிலயே செய்து பாக்கிற சிமுலேஷன்) எல்லாம் இலவசம். பிளே ஸ்டோரில இருக்கிற ஆப்புக்குக் காசு கேக்கும், அதை வாங்கத் தேவையில்லை, குரோமிலயே தளத்துக்குப் போய் ஓட்டலாம், தேவையானதை மட்டும் இறக்கி வைச்சா நெற் இல்லாமலும் ஓடும். சிலதுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. பிஎச் அளவிடை எண்டுற போலியில தோடம்பழச் சாறு, பால், கோப்பி, எச்சில், இரத்தம், சத்தி, பற்றரி அமிலம் எண்டு ஒவ்வொண்டாத் தெரிவு செய்து பாத்திரத்துக்குள்ள விட்டு, பெறுமானத்தைப் பாத்து, தண்ணி சேக்கச் சேக்க அது எப்பிடி நடுநிலையான 7 பக்கம் நகருது எண்டு காட்டலாம். சத்தி வரேக்க வகுப்பு சிரிக்கும், சிரிக்க விடுங்கோ, இரைப்பையில அமிலம் இருக்கு எண்டதை அதுக்குப் பிறகு ஒருத்தரும் மறக்காது.

ஒரு விசயம், வரிசையை மாத்திப் போடாதேங்கோ. முதல் பூச்சாயம், பிறகு போலி. திரையில நிறமும் இலக்கமும் துல்லியமா வந்து விழுந்தாப் பிறகு யோகட் கப்பில மங்கலா வாற நிறத்தில ஒருத்தருக்கும் ஆசை வராது.

பௌதிகப் பகுதிக்கு ஃபைஃபொக்ஸ் (phyphox)

ஜெர்மனியில ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில செய்த இலவச ஆப் இது, போனுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற உணரிகளை அளவு கருவியா மாத்தித் தரும். இறக்கினவுடன அதின்ர பட்டியலைப் பாருங்கோ, சிலதைத் திறக்க ஏலாம இருந்தா உங்கட போனில அந்த உணரி இல்லை எண்டு அர்த்தம். விலை குறைஞ்ச போனுகளில சுழற்சி உணரியும் காந்த உணரியும் இல்லாமல் இருக்கலாம், ஆர்முடுகல் உணரியும் மைக்கும் எப்பிடியும் இருக்கும். அதால மைக்கோட தொடங்குவம்.

ஒலியின்ர வேகம் பாக்கிறதுக்கு அதில ஒலியால ஓடுற நிறுத்தற் கடிகாரம் ஒண்டு கிடக்கு, ஒரு சத்தத்தில தொடங்கி அடுத்த சத்தத்தில நிக்கும். ரெண்டு போனிலயும் அதைத் திறந்து சரியா 5 மீற்றர் இடைவெளியில வைச்சு, முதல் போனுக்குப் பக்கத்தில நிக்கிற ஆள் ஒரு தட்டு, ரெண்டு கடிகாரமும் தொடங்கும், பிறகு ரெண்டாவது போனுக்குப் பக்கத்தில நிக்கிற ஆள் ஒரு தட்டு, ரெண்டும் நிக்கும். முதல் போன் காட்டுற நேரம் கொஞ்சம் கூட இருக்கும், ஏனெண்டா தொடக்கச் சத்தம் ரெண்டாவது போனுக்குப் பிந்திப் போச்சுது, நிப்பாட்டின சத்தம் முதல் போனுக்குப் பிந்தி வந்தது. அந்த வித்தியாசம்தான் ஒலி 10 மீற்றர் ஓட எடுத்த நேரம், 0.029 செக்கன் அளவில வரவேணும். 10 ஐ அதால பிரிச்சா செக்கனுக்கு 345 மீற்றருக்குக் கிட்ட வரும், எங்கட வெக்கைக்கு அது சரியான பெறுமானம்தான்.

கேக்க லேசா இருக்கு, செய்யேக்க காகம் கத்தினாலே கடிகாரம் தொடங்கிடும். எவ்வளவு சத்தத்துக்குத் தொடங்க வேணும் எண்டதை ஆப்புக்குள்ள கூட்டிக் குறைக்கலாம், அதை வீட்டிலயே சரி பண்ணி என்ன இலக்கம் எண்டு பிளானில எழுதுங்கோ, பள்ளிக்கூடத்தில பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டி வரும். கையைத் தட்டுறதை விட ரெண்டு மரத்துண்டைத் தட்டினா சத்தம் கூர்மையா விழும். இதே ஆப்பில இருக்கிற தொலைவில இருந்து பாக்கிற வசதியைப் போட்டா, போனின்ர ஹொட்ஸ்பொட்டில லப்டொப்பை இணைச்சு அளவுகளைப் புரொஜெக்ரரில காட்டலாம், அதுக்கு டேற்றா போகாது.

மதிப்பிடலுக்கு

போனில வினாவிடைப் போட்டி நடத்திற கஹூட் (Kahoot) நல்லதுதான், ஆனா வழமையா பிள்ளையளின்ர கையிலயும் போன் வேணும், எங்கட பள்ளிக்கூடங்களில பிள்ளையள் போன் கொண்டுவர ஏலாது, அந்தக் கதையை விடுவம். பிளிக்கர்ஸ் (Plickers) எண்டு ஒண்டு இருக்கு, அதில பிள்ளைக்குக் கடதாசி அட்டை மட்டும்தான், அட்டையை எந்தப் பக்கம் மேல வாற மாதிரித் தூக்குதோ அதுதான் ஏ, பி, சி, டி விடை, நீங்கள் உங்கட போன் கமராவை வகுப்புக்கு மேல ஒரு ஓட்டம் ஓட்டினா ஆர் சரி ஆர் பிழை எண்டு வரும். அட்டையில எழுத்து மிகச் சின்னனா இருக்கிறதால பக்கத்துப் பிள்ளை பாத்து மாத்தவும் ஏலாது. அட்டைகளை அவையின்ர தளத்தில இருந்து எடுத்துப் பிரிண்ட் பண்ணி தடிப்பான மட்டையில ஒட்டுங்கோ, மினுங்கிற பிளாஸ்டிக் உறை போட்டா வெளிச்சம் தெறிச்சு கமரா வாசிக்காது. சிக்னல் இல்லாத வகுப்பறை எண்டா இதை நம்பிப் போகாதேங்கோ, நாலு நிற மட்டையைக் குடுத்துத் தூக்கச் சொல்லிக் கண்ணால எண்ணலாம், கேள்வி நல்லா இருந்தா அதுவும் அதே வேலையைச் செய்யும்.

சாட்ஜிபிடி, ஜெமினி

பாவிக்க வேண்டாம் எண்டு சொல்லப் போறதில்லை, சொன்னாலும் ஆர் கேக்கப் போயினம். ஆனா "அமிலம் பற்றி லெசன் பிளான் தா" எண்டு கேட்டா உலகத்தில எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்துற, அதால உங்கட பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாத ஒண்டைத்தான் தரும். தேர்ச்சி மட்டத்தின்ர இலக்கத்தையும் புத்தகத்தின்ர பக்கத்தையும் தானா யோசிச்சுத் துணிஞ்சு எழுதும், அது சரியெண்டு கொப்பியில ஏத்தினா வழிகாட்டி ஆசிரியர் ஒரு நிமிசத்தில பிடிச்சிடுவார். சொல்லுகளும் கனக்க இந்தியப் பாடப்புத்தகத்துச் சொல்லாத்தான் வரும், ஆர்முடுகலுக்கு முடுக்கம், மீடிறனுக்கு அதிர்வெண், கலத்துக்கு செல், மூலத்துக்கு காரம் எண்டு. பிள்ளை சோதினையில எழுத வேண்டியது எங்கட புத்தகத்துச் சொல்லை, ஆகவே கேக்கிறதுக்கு முதலே அந்தப் பாடத்தின்ர சொல்லுகளைப் பட்டியலாக் குடுத்து இதைத்தான் பாவிக்க வேணும் எண்டு சொல்லுங்கோ.

அதிட்டக் கேக்க வேண்டியது இப்பிடி: "தரம் 7 பிள்ளையள் 36 பேர், ஆறு குழு, தேசிக்காயும் சவர்க்காரமும் பூச்சாயமும் மட்டும் இருக்கு, 12 நிமிசத்தில முடியிற செயற்பாட்டுக்கு அறிவுறுத்தல் தாள் எழுது." இல்லாட்டி "மூலம் எண்டா என்ன எண்டதில பிள்ளையள் வழமையா விடுற பிழையள் என்ன, ஒவ்வொண்டையும் கண்டுபிடிக்க ஒரு கேள்வி தா." ரெண்டாவது கேள்விக்கு வாற மறுமொழிதான் கூடப் பிரயோசனம், அனுபவம் உள்ள ரீச்சருக்கு இது தானா தெரியும், புது ஆளுக்குத் தெரியாது. பிறகும் அந்தப் பட்டியலை உங்கட பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சரிட்டக் காட்டி "மிஸ், இஞ்சத்தைப் பிள்ளையள் இதில எதை விடுவினம்" எண்டு கேளுங்கோ, மூண்டைக் காட்டி இதுதான் எண்டுவா. பிள்ளையளின்ர பேர், புள்ளி ஒண்டும் அதுக்குள்ள போடாதேங்கோ.

நிமிசக் கணக்கு

இனித்தான் பிளானை எழுதுறது. பக்கத்தில நேரம் எண்டு ஒரு நிரல் கிடக்கும், அதில 5, 10, 15 எண்டு குத்துமதிப்பா எழுதிற பழக்கத்தை விடுங்கோ. போன் கடிகாரத்தில லப் எடுக்கிற வசதியைப் போட்டுட்டு ஆரும் ஒரு ஆளை, தம்பியோ அறைத் தோழியோ, முன்னுக்கு இருத்தி வைச்சு அறிவுறுத்தலைச் சொல்லி, சாமானைப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரிச் செய்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு தட்டுங்கோ. வீட்டில வாற நேரத்தோட பாதியைக் கூட்டினா வகுப்புக்குக் கிட்டத்தட்டச் சரியா வரும், அது என்ர கணக்கு, உங்கட வகுப்புக்கு மாறலாம். மணி அடிச்சு, முதல் பாட ரீச்சர் வெளிக்கிட்டு, பிள்ளையள் எழும்பி வணக்கம் சொல்லி இருக்கவே மூண்டு நாலு நிமிசம் போயிடும், ஆகவே 40 எண்டு நினைக்காம 35 க்கு எழுதுங்கோ. சாமான் கழுவி அடுக்கிற நேரத்தையும் போடுங்கோ, அதை ஒருத்தரும் போடுறதில்லை.

கடைசிப் பிரதி கனபேருக்குக் கையாலதான் எழுத வேண்டி வரும், மேற்பார்வைக்கு வாற விரிவுரையாளர் கொப்பியைத்தான் பாப்பார். அது வீண் மினக்கேடு இல்லை, போனில ஓடித் திரிஞ்சு எழுதினதை கையால எழுதேக்க தேவையில்லாத வசனம் தானா கழண்டு போகும். எந்த இடத்தில போன் பாவிக்கிறியள் எண்டதை கொப்பியில தெளிவா எழுதுங்கோ, அதிபரிட்டயும் முதலே சொல்லி அனுமதி எடுங்கோ, வகுப்புக்குள்ள போனோட நிக்கிற புது ஆளைப் பாத்தா ஆரும் வேற மாதிரித்தான் நினைப்பினம். வட்ஸ்அப்பையும் அழைப்பையும் நிப்பாட்டி விமானப் பயன்முறையில போடுங்கோ, ஹொட்ஸ்பொட்டோ பிளிக்கர்ஸுக்கு நெற்றோ தேவைப்படுற நேரம் மட்டும் அதை எடுத்துவிடலாம். கரண்ட் போனா, புரொஜெக்ரர் வேலை செய்யாட்டி என்ன செய்யிறது எண்டு ஒரு வரி எழுதி வையுங்கோ, போலியின்ர முக்கியமான ரெண்டு நிலையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஏ4 தாளில பிரிண்ட் பண்ணி வைச்சிருந்தா அது காணும். பிள்ளையளின்ர முகம் தெரியிற படத்தை எடுத்து பேஸ்புக்கில போடுறதை அறவே விடுங்கோ, செயற்பாட்டைப் படம் எடுக்க வேணும் எண்டா கையும் கப்பும் தெரிஞ்சா போதும்.

பாடம் முடிஞ்சு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்து போகேக்கயே போனை எடுத்து ஒரு வொயிஸ் நோட் போடுங்கோ, எங்க நேரம் இழுத்தது, எந்தக் குழுவில சாயம் காணாமப் போச்சுது, எந்தக் கேள்விக்கு வகுப்பு முழுக்கப் பிழையா மட்டை தூக்கினது எண்டு. பின்னேரம் எண்டு விட்டா அரைவாசி மறந்திடும். பின்னேரம் அதைக் கேட்டு, பிளானின்ர நேர நிரலில உண்மையா எடுத்த நிமிசத்தை வேற நிறப் பேனையால பக்கத்தில எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்த வகுப்பின்ர ஃபோல்டருக்குள்ள திகதியோட போட்டு வையுங்கோ. அடுத்த பாடவேளைக்கு எழுதத் தொடங்கேக்க முதல் திறக்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.